சட்டைப் பையில் ஒரு ஃபிலிம் கேமரா

பாயிண்ட் அண்ட் ஷூட் கேமரா நம் கையில் விட்டுவைப்பது ஒரே ஒரு பொத்தானை. எவ்வளவு தூரத்தில் ஃபோகஸ் செய்வது, லென்ஸ் துளையை எவ்வளவு திறப்பது, ஷட்டரை எத்தனை நேரம் திறந்து வைப்பது, ஃபிளாஷ் வேண்டுமா வேண்டாமா என்ற நான்கையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. இந்த முடிவுகளுக்குப் பின்னால் இருப்பவை சில எளிய விதிகள்தான். விதிகள் பிடிபட்டுவிட்டால், பொத்தானை அழுத்தும் முன்பே கேமரா என்ன செய்யப்போகிறது என்று தெரிந்துவிடும். பிடிபடாதவரை, கழுவி வரும் ரோலில் பாதி தேறினாலே பெரிது. அதனால் கீழே வரும் கேமராக்கள் எல்லாவற்றையும் ஒரே தராசில்தான் நிறுத்தியிருக்கிறேன்: அதன் விதிகள் எத்தனை சுலபமாகப் பழகுகின்றன, பிடிக்காத விதியை எத்தனை சுலபமாக மீற முடிகிறது.

லென்ஸ் பெயருக்கு இந்தத் தராசில் எடை குறைவு. 35 மி.மீ. குவியத்தூரமும் (எண் குறைந்தால் காட்சி அகலும்) எஃப்/2.8 அல்லது எஃப்/3.5 துளையும் (எண் குறைந்தால் துளை பெரிது) கொண்ட நல்ல லென்ஸ்கள் எல்லாமே, தபால் அட்டை அளவு பிரிண்டில் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். தவறான ஃபோகஸும் வேண்டாத ஃபிளாஷும் கெடுத்த படங்களோடு ஒப்பிட்டால், லென்ஸின் கூர்மை போதாமல் கெட்ட படங்கள் மிகக் குறைவு.

ஒலிம்பஸ் எக்ஸ்ஏ, எக்ஸ்ஏ2

எக்ஸ்ஏ 1979-இல் வந்தது. வடிவமைத்தவர் யோஷிஹிசா மைதானி. லென்ஸ் மூடி, தோல் உறை என்று தனியாக எதுவும் தேவைப்படாத கேமராவாக அதை அமைத்தார். முன்னால் இருக்கும் நகரும் மூடியைத் தள்ளினால் லென்ஸும் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரும் ஒன்றாகத் திறக்கும், கேமராவும் உயிர் பெறும். மூடினால் சோப்புக் கட்டி போல வழவழவென்று பைக்குள் போய்விடும். எடை 225 கிராம்.

உள்ளே இருப்பது ஆறு கண்ணாடிகள் கொண்ட 35 மி.மீ. எஃப்/2.8 ஜுய்கோ லென்ஸ். ஃபோகஸ் செய்யும்போது முன்கண்ணாடி அசையாது, உள்ளே இருக்கும் கண்ணாடிதான் நகரும். மூடி இவ்வளவு ஒட்டினாற்போல் பொருந்துவதற்குக் காரணம் இதுதான். இதற்கு ஒரு விலையும் உண்டு: எஃப்/2.8-இல் படத்தின் மூலைகள் தெளிவாகவே இருண்டுவரும். எஃப்/5.6-க்கு மூடினால் அது பெரும்பாலும் மறைந்துவிடும்.

கறாராகப் பார்த்தால் எக்ஸ்ஏ முழுத் தானியங்கி அல்ல. துளையை முன்பக்க நெம்பில் நாம் வைக்க வேண்டும், ஷட்டர் வேகத்தை அது தேர்ந்துகொள்ளும். ஃபோகஸும் நம் வேலைதான். லென்ஸுக்குக் கீழே உள்ள சிறு நெம்பை நகர்த்தி, வியூஃபைண்டர் நடுவில் தெரியும் இரட்டை உருவத்தை ஒன்றாக்க வேண்டும். ஆனால் வெளிச்சம் நன்றாக இருக்கும்போது இதை முழுத் தானியங்கியாக மாற்ற ஒரு வழி இருக்கிறது. துளையை எஃப்/8-இலும் தூரத்தை 3 மீட்டரிலும் வைத்துவிட்டால், ஏறக்குறைய 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர்வரை எல்லாம் தெளிவாக விழும். அதே துளையில் 5 மீட்டருக்கு வைத்தால் இரண்டரை மீட்டருக்கு அப்பால் இருப்பவை எல்லாம் அடங்கிவிடும். தெருவில் படமெடுக்க இதைவிட வேகமான ஆட்டோஃபோகஸ் இல்லை.

அடிப்பக்கத்தில் ஒரு சிறு நெம்பு இருக்கிறது. அதைக் கொஞ்சம் நகர்த்தினால் முதுகுவெளிச்சத்துக்காக (ஆளுக்குப் பின்னாலிருந்து வரும் வெளிச்சம்) ஒளியளவு 1.5 படி கூடும் (ஒரு படி என்றால் இரண்டு மடங்கு ஒளி), இன்னும் நகர்த்தினால் பேட்டரி சோதனை, முழுதாக இழுத்தால் சுயநேரப் படம், அதாவது அழுத்திய சில நொடி கழித்துத் தானே எடுப்பது. முழுதாக இழுத்த நிலையில் அந்த நெம்பே ஒரு காலாக நின்று கேமராவை மேசையில் சாயாமல் தாங்குகிறது. இதையெல்லாம் பார்க்கும்போது ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார் என்பது தெரிகிறது.

இருந்தாலும் யோசிக்காமல் எடுக்க ஒரு கேமரா வேண்டும் என்று கேட்பவருக்கு நான் கைகாட்டுவது 1980-இல் வந்த எக்ஸ்ஏ2-ஐத்தான். நான்கு கண்ணாடிகள் கொண்ட எஃப்/3.5 லென்ஸ், துளையும் வேகமும் முழுத் தானியங்கி, ஃபோகஸுக்கு மூன்றே மூன்று படக்குறிகள்: அருகில் ஒரு முகம், நடுவில் ஆட்கள், தொலைவில் மலை. மூடியைச் சாத்தியதும் குறி தானாக நடுவுக்குத் திரும்பிவிடும். ஆகவே அடுத்த முறை திறக்கும்போது ஃபோகஸ் எங்கே இருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம். விதி என்றால் இப்படி இருக்க வேண்டும். கெடுவது ஓரிடத்தில்தான்: ஒரு மீட்டர் சொச்சத்தில் இருக்கும் முகத்தை நடுக்குறியில் வைத்தே எடுப்பது. வீட்டுக்குள் துளை விரிந்திருக்கும் நேரத்தில் அந்த முகம் மங்கலாகத்தான் வரும்.

இரண்டுக்குமே ஃபிளாஷ் தனித்துண்டு. பக்கவாட்டில் திருகிப் பொருத்தினால் உண்டு, கழற்றினால் இல்லை. கேட்காமல் வெடிக்கும் ஃபிளாஷ் என்ற தொல்லையே இங்கே கிடையாது. ஃபிலிமின் ஒளியுணர்வைச் சொல்லும் எண்ணான ஐஎஸ்ஓவையும் கையால் வைப்பதால், 400 ஃபிலிமுக்கு 200 என்று வைத்து ஒரு படி கூடுதல் வெளிச்சம் தரலாம்.

பேட்டரி, எல்ஆர்44 அளவில் இரண்டு. அதே அளவில் வரும் எஸ்ஆர்44 சில்வர் ஆக்ஸைடு வகையே நல்லது. தீரும்வரை அதன் வோல்டேஜ் இறங்காமல் நிற்கும். ஆல்கலைன் வகையில் வோல்டேஜ் மெல்ல மெல்ல இறங்கும், கசியும் வாய்ப்பும் அதற்கே அதிகம். வழக்கமாக வரும் கோளாறுகள் மூன்று. சிவப்புப் பொத்தானுக்கு அடியில் உள்ள மின்தொடர்பில் அழுக்கு சேர்ந்து, அழுத்தினாலும் ஷட்டர் விழாமல் இருப்பது. பின்கதவு ஓரத்தில் ஒளி புகாமல் தடுக்கும் ஸ்பாஞ்சு பிசுபிசுத்துப் போவது. எக்ஸ்ஏவில் மட்டும் இரட்டை உருவம் மங்கிப்போவது. கடைசிக் கோளாறுக்கு ஒரு கைவைத்தியம் உண்டு: வியூஃபைண்டரின் முன்கண்ணாடி நடுவில் கறுப்பு டேப் துண்டு ஒன்றைச் சின்னதாக ஒட்டினால், அந்த இருட்டின் மேல் இரண்டாவது உருவம் எடுப்பாகத் தெரியும்.

ஒலிம்பஸ் மியூ 2

1997-இல் வந்தது. சில நாடுகளில் ஸ்டைலஸ் எபிக் என்ற பெயரில் விற்றார்கள், கேமரா ஒன்றேதான். பேட்டரி இல்லாமல் 135 கிராம். நான்கு கண்ணாடிகள் கொண்ட 35 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ், 35 செ.மீ. வரை நெருங்கலாம், தூறலுக்குத் தாங்கும் ரப்பர் அடைப்புகள் உண்டு. கூழாங்கல் போன்ற அந்த உடலைப் பைக்குள் போட்டால் இருப்பதே மறந்துவிடும். மூடியைக் கட்டைவிரலால் தள்ளினால் லென்ஸ் வெளியே வரும். இவ்வளவு சிறிய உடலில் இவ்வளவு நல்ல லென்ஸை வைத்த கேமராக்கள் குறைவு.

ஆனால் அதன் ஒரு விதி எல்லோரையும் ஒரு முறையாவது படுத்தும். மூடியைச் சாத்திய ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் தானியங்கி நிலைக்கே திரும்பிவிடும். மாலை வெளிச்சத்தின் அழகைப் பிடிக்க நினைத்து அழுத்தினால், ஃபிளாஷ் அடித்து முன்னால் இருப்பவர் வெளுத்து, பின்னால் இருப்பதெல்லாம் இருண்டுபோகும். தீர்வு பழக்கம்தான்: மூடியைத் திறந்த கையோடு ஃபிளாஷ் பொத்தானை இரண்டு முறை அழுத்துவது. முதல் அழுத்தல் செங்கண் தடுப்பு (ஃபிளாஷில் கண்கள் சிவப்பாக விழாமல் தடுப்பது), இரண்டாவது ஃபிளாஷ் அணைப்பு. பத்து நாளில் விரல் தானே செய்யும். அணைத்தபின் ஷட்டர் 4 நொடிவரைகூடத் திறந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. 35 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து 1/30 நொடியைவிட நீண்ட நேரம் நம்பிக்கையாக எடுக்க முடியாது. சுவரிலோ தூணிலோ கேமராவை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு போக்கும் இதற்கு உண்டு. நடுத்தர வெளிச்சம்வரை துளையை விரியத் திறந்தே வைத்து, ஷட்டர் வேகத்தைத்தான் கூட்டும். பின்னணி மென்மையாகக் கரைவது இதனால்தான். ஃபோகஸ் சற்றுப் பிசகினாலும் பளிச்சென்று தெரிவதும் இதனால்தான். எனவே பொத்தானைப் பாதி அழுத்தி ஃபோகஸைப் பூட்டும் பழக்கம் இந்தக் கேமராவுக்குக் கட்டாயம். முதுகுவெளிச்சத்துக்கு ஸ்பாட் அளவீடும் இருக்கிறது. ஃபிளாஷ் பொத்தானையும் சுயநேரப் பொத்தானையும் ஒன்றாக அழுத்தினால் நடுப்புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும்.

வாங்கும்போது பின்கதவைத் திறந்து, ஃபிலிம் பெட்டியின் பெயர் தெரியும் சிறு ஜன்னலைச் சுற்றி இருக்கும் அடைப்பைப் பாருங்கள். மியூ 2-இல் ஒளி கசிவது பெரும்பாலும் அங்கிருந்துதான். உடனடி வைத்தியம், வெளியே அந்த ஜன்னல் மேல் கறுப்பு டேப்பை ஒட்டுவது.

இதற்கு முந்தைய மியூ, 1991-இல் வந்தது. மூன்று கண்ணாடிகள், எஃப்/3.5. ஸ்பாட் அளவீடு இல்லை. ஆனால் மியூ 2-க்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்காததால் இன்றும் சல்லிசாகக் கிடைக்கிறது. படத்தில் உள்ள வித்தியாசம் விலையில் உள்ள வித்தியாசத்துக்கு ஈடாகாது.

நிக்கான் எல்35ஏஎஃப்

1983-இல் வந்த, நிக்கானின் முதல் ஆட்டோஃபோகஸ் காம்பாக்ட் (சிறிய கேமரா). சட்டைப் பையில் அடங்காது, கைப்பையில் அடங்கும். ஐந்து கண்ணாடிகள் கொண்ட 35 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் உண்மையிலேயே அருமை. ஆனால் இதை எனக்குப் பிடித்துப்போகச் செய்வது சுற்றியுள்ள சின்னச் சின்ன வசதிகள். பேட்டரி எங்கும் கிடைக்கும் ஏஏ, இரண்டு போதும். ஐஎஸ்ஓவை லென்ஸ் வளையத்தில் கையால் வைக்கலாம். முதலில் வந்தவற்றில் 400 வரை, பின்னால் வந்தவற்றில் 1000 வரை. 46 மி.மீ. ஃபில்டர் திருகலாம். ஒளி அளக்கும் கண்ணும் அந்த ஃபில்டர் வளையத்துக்குள்ளேயே இருப்பதால், கறுப்பு வெள்ளைக்கு மஞ்சள் ஃபில்டர் போட்டாலும் அளவு தானாகச் சரியாகிவிடும். இந்தக் கணக்கைப் பல விலை உயர்ந்த காம்பாக்ட்கள்கூடச் செய்வதில்லை, ஃபில்டர் திருகவே அவற்றில் இடமில்லை.

ஃபோகஸ் எங்கே விழுந்தது என்பதை வியூஃபைண்டருக்குள் ஒரு முள் ஆள், ஆட்கள், மலை என்ற குறிகளின் மேல் நின்று காட்டும். அந்த முள்ளைப் பார்க்கப் பழகிவிட்டால் ஃபோகஸ் தவறிய படமே அபூர்வம். குறைந்தபட்ச தூரம் 0.8 மீட்டர், அதற்கு நெருங்காதீர்கள். முதுகுவெளிச்சத்துக்கு லென்ஸ் ஓரத்தில் ஒரு நெம்பு இருக்கிறது, அழுத்தினால் இரண்டு படி கூடும்.

ஃபிளாஷ் வெளிச்சம் குறைந்தால் தானே எழும்பும். அணைக்க சுவிட்ச் இல்லை. ஆனால் எழும்பவிடாமல் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டால் ஃபிளாஷ் இல்லாமலே படம் எடுத்துவிடும். விதியை மீற இதைவிட நேரடியான வழி எந்தக் கேமராவிலும் இல்லை. மோட்டார் சத்தம் மட்டும் பலம். அமைதியான இடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பழைய பேட்டரி கசிந்து பச்சைப் பூத்த தொடர்புகள் சகஜம். வினிகரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும்.

யாஷிகா டி5, ரிக்கோ ஜிஆர்1, இன்னும் சில

1994-இல் வந்த டி5-இல் கார்ல் ஸைஸ் டெஸ்ஸார் 35 மி.மீ. எஃப்/3.5 லென்ஸ் இருக்கிறது. நான்கு கண்ணாடிகளில் இவ்வளவு தெளிவான, பளிச்சென்ற நிறம் வருவது மகிழ்ச்சிதான். ஆனால் இதன் உண்மையான சுவை மேல்தட்டில் உள்ள சிறிய இடுப்புநிலை வியூஃபைண்டர். கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தாமல், குனிந்து பார்த்தே எடுக்கலாம். குழந்தைகள், செல்லப் பிராணிகள், தரையோடு தரையாக இருக்கும் எதையும் எடுக்க இது தனி வசதி. ஜன்னல் கண்ணாடி வழியாக எடுக்க, ஃபோகஸை முடிவிலிக்கு, அதாவது மிகத் தொலைவுக்கு, பூட்டும் பொத்தானும் உண்டு. குறை, உடல் முழுக்க பிளாஸ்டிக். கேட்கும் விலைக்கும் கையில் பிடிக்கும் உணர்வுக்கும் பொருத்தமே இல்லை.

ஜிஆர்1 வேறு ரகம். 1996-இல் வந்த மெக்னீசியம் உடல், 28 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ், ஏழு கண்ணாடிகள். இந்தக் கட்டுரையின் தராசில் முதலிடம் பெற வேண்டியது இதுதான்: ஃபிளாஷுக்குத் தள்ளும் சுவிட்ச், வைத்த இடத்திலேயே நிற்கும், துளைக்குத் தனி வட்டு, ஒளியளவு கூட்டிக் குறைக்கத் தனி வட்டு, ஸ்னாப் நிலையில் வைத்தால் ஃபோகஸ் 2 மீட்டரில் நின்றுவிடும், கேமரா யோசிக்கவே யோசிக்காது. விதிகளை எல்லாம் வெளியே, கைக்கு எட்டும்படி வைத்த கேமரா. ஆனாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு சொல்ல வேண்டியிருக்கிறது: மேலே உள்ள எண்திரை மங்கி அழியும், மோட்டாரும் சிலவற்றில் நிற்கும், புதிய உதிரிபாகம் கிடையாது. இதே கேமராக்களைப் பழுதுபார்த்துப் பழகிய ஒருவர் எட்டும் இடத்தில் இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கான்டாக்ஸ் டி2 (டைட்டானியம் உடல், 38 மி.மீ. எஃப்/2.8 சொன்னார் லென்ஸ்) அழகான பொருள், கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் அது தரும் படத்துக்கும் எல்35ஏஎஃப் தரும் படத்துக்கும் இடையே உள்ள தூரம், விலைகளுக்கு இடையே உள்ள தூரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கெட்டுப்போனால் வருத்தமும் அதே விகிதத்தில் இருக்கும். லைக்கா மினிலக்ஸுக்கும் இதே எச்சரிக்கை. உள்ளே மடங்கி விரியும் மின்நாடா தேய்ந்து, திரையில் ஈ02 என்ற பிழை வந்து நின்றுபோவது அதன் பிரபலமான நோய்.

ஜூம் காம்பாக்ட்களைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். மியூ ஜூம் 140-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: 38 மி.மீ.யில் எஃப்/4, 140 மி.மீ.யில் எஃப்/11. அதாவது ஜூமை முழுதாக நீட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடும். நடுக்கமும் நீண்ட குவியத்தூரத்தில் பெரிதாகத் தெரியும். வெயிலில் 400 ஃபிலிமோடு பரவாயில்லை, மற்ற நேரத்தில் ஜூமை நீட்டாமல் எடுங்கள். ஜூமை நீட்டாமலே எடுப்பதென்றால் ஜூம் கேமரா எதற்கு என்ற கேள்வி நியாயமானதுதான். விலை மலிவு என்பதுதான் பதில்.

புதிதாகத்தான் வேண்டும் என்றால் 2024-இல் வந்த பென்டாக்ஸ் 17 இருக்கிறது. அரை ஃபிரேம் கேமரா; படம் 17-க்கு 24 மி.மீ., 36 படச் சுருளில் 72 படங்கள். கேமராவை வழக்கம்போலப் பிடித்தால் படம் நெட்டுக்குத்தாக வரும், கைபேசியில் பார்க்க அது தோதாக இருக்கிறது. லென்ஸ் 25 மி.மீ. எஃப்/3.5, ஃபிலிமைக் கட்டைவிரல் நெம்பால் நகர்த்த வேண்டும், ஃபோகஸ் ஆறு படக்குறிகளில் கையால் வைக்க வேண்டும். வைக்க மறப்பதுதான் இதில் பெரும்பாலோர் செய்யும் பிழை. பழைய கேமராவின் மோட்டார் எப்போது நிற்குமோ என்ற பயம் இல்லாமல் இருப்பதற்காகவே இதை விரும்பலாம். கோடாக் எக்டார் எச்35 போன்ற எளிய பிளாஸ்டிக் வகையில் துளையும் (எஃப்/9.5) வேகமும் (1/100 நொடி) மாறவே மாறாது. வெயிலில் 400 ஃபிலிம் போட்டால் மூன்றரை படி அதிக வெளிச்சம் விழும், ஆகவே வெளியே 200 போடுங்கள். உள்ளே ஃபிளாஷ் இல்லாமல் எதுவும் பதியாது.

எல்லாவற்றுக்கும் பொதுவான விதிகள்

ஆட்டோஃபோகஸ் பெரும்பாலும் படச்சட்டத்தின் நடுவைத்தான் பார்க்கும். இரண்டு பேர் தோளோடு தோள் சேராமல் நின்றால், நடுவில் உள்ள இடைவெளி வழியாகப் பின்னால் இருக்கும் சுவரைப் பிடித்துக்கொள்ளும். இருவருமே மங்கல், சுவர் மட்டும் தெளிவு. ஒருவர் முகத்தை நடுவில் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்துங்கள், பச்சை விளக்கு நின்றதும் விரலை எடுக்காமல் சட்டத்தைச் சரிசெய்து முழுதாக அழுத்துங்கள். இந்த ஒரு பழக்கம் ஒரு நல்ல லென்ஸுக்குச் சமம்.

அகச்சிவப்புக் கதிரை அனுப்பித் தூரத்தை அளக்கும் வகைகள் ஜன்னல் கண்ணாடியில் ஏமாறும். கதிர் கண்ணாடியில் பட்டுத் திரும்பிவிடுவதால், கேமராவுக்குக் கண்ணாடிதான் பொருள். முடிவிலிப் பொத்தான் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் வெளியில் போய் அதே தூரத்தில் உள்ள எதையாவது பூட்டிவிட்டு வர முடியாதுதானே. கேமராவைக் கண்ணாடிக்குச் சாய்வாகப் பிடியுங்கள், கதிர் வேறு பக்கம் தெறித்துப்போகும்.

காம்பாக்ட் ஃபிளாஷின் எட்டுத் தொலைவு சிறியது. மியூ 2-ஐப் பொறுத்தவரை 100 ஃபிலிமில் ஏறக்குறைய 4 மீட்டர், 400-இல் 8 மீட்டர். ஐஎஸ்ஓ நான்கு மடங்கானால் தூரம் இரண்டு மடங்குதான் ஆகும், ஏனென்றால் தூரம் இரட்டித்தால் ஒளி கால்பங்காகக் குறைகிறது. மேடையில் நடப்பதைக் கடைசி வரிசையிலிருந்து ஃபிளாஷ் போட்டு எடுத்தால் முன்வரிசைத் தலைகள் மட்டும் வெள்ளையாகப் பதியும்.

ஃபிலிம், பேட்டரி

தானியங்கி காம்பாக்டுக்கு 400 கலர் நெகட்டிவ்தான் கை கொடுக்கும். 100 போட்டால் கொஞ்சம் நிழல் வந்தாலே ஃபிளாஷ் எழும்பும் அல்லது ஷட்டர் மெதுவாகும். நெகட்டிவாக இல்லாமல் நேரடியாகப் படமாகவே வரும் ஸ்லைடு ஃபிலிம் வேண்டாம், அதற்கு அரைப்படித் தவறுகூடத் தெரியும். கலர் நெகட்டிவ் இரண்டு படி அதிக வெளிச்சத்தை அலட்டாமல் தாங்கும். குறைவான வெளிச்சத்தைத்தான் தாங்காது, நிழல்கள் சேறாகிவிடும்.

ஃபிலிம் பெட்டியின் மேல் உள்ள கறுப்பு வெள்ளிக் கட்டங்கள்தான் டிஎக்ஸ் குறி. கேமராவின் உள்ளே உள்ள ஊசிகள் அதைத் தொட்டு ஐஎஸ்ஓவைப் படிக்கின்றன. மலிவான கேமராக்கள் 100, 400 என்ற இரண்டை மட்டும்தான் பிரித்தறியும். குறியே இல்லாத பெட்டியைப் பல கேமராக்கள் 100 என்றே எடுத்துக்கொள்ளும். கையால் சுற்றிய 400 கறுப்பு வெள்ளை ரோலைப் போட்டுவிட்டு, எல்லாப் படமும் ஏன் வெளுத்தது என்று குழம்புவதற்கு இதுதான் காரணம்.

மோட்டார் கேமராவில் ஃபிலிம் நாக்கைக் குறிவரை மட்டும் இழுத்து, தொய்வில்லாமல் படிய வையுங்கள். அதிகம் இழுத்துவிட்டால் பெட்டிக்குள் திருப்பித் தள்ளுங்கள், மடித்து வைக்காதீர்கள். மூடியதும் எண்திரையில் 1 வர வேண்டும். எக்ஸ்ஏ போலக் கையால் சுற்றும் கேமராவில், சுற்றும்போது இடப்பக்கத் திருகியும் கூடவே சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் ஃபிலிம் நகரவில்லை, 36 படமும் காற்றில்தான் போகும்.

மியூ 2 போன்றவற்றில் போடும் சிஆர்123ஏ பேட்டரி 3 வோல்ட் லித்தியம். அதே அளவில் வரும் சார்ஜ் செய்யும் லித்தியம் அயான் பேட்டரியை ஆசைப்பட்டுப் போடாதீர்கள். முழு சார்ஜில் அது 4.2 வோல்ட்வரை போகும், பழைய சர்க்யூட்டுக்கு அது நஞ்சு. இன்னொன்று, ஃபிளாஷ் உள்ள கேமராவைத் திருகாணி எடுத்துத் திறக்காதீர்கள். ஃபிளாஷுக்கான மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம், பேட்டரியைக் கழற்றிய பின்னும் நிற்கும்.

பழையதை வாங்கும் முன்

புது பேட்டரியைக் கையோடு கொண்டுபோய் இந்த வரிசையில் பாருங்கள். முதலில் பேட்டரி அறை, பச்சையோ வெள்ளைப் பொடியோ இருக்கிறதா. அடுத்து பின்கதவைத் திறந்து, ஸ்பாஞ்சை நகத்தால் தொட்டுப் பாருங்கள். தார் போல ஒட்டினால் மாற்ற வேண்டும். லென்ஸ் திறந்திருக்கும் நிலையில் முன்னாலிருந்து டார்ச் அடித்துப் பின்னாலிருந்து பார்த்தால் பூஞ்சை சிலந்திவலை போலத் தெரியும், ஆவி படிந்த மங்கலும் தெரியும். கொஞ்சம் தூசி எதையும் கெடுக்காது.

பின்கதவு திறந்திருக்க, ஃபிளாஷை அணைத்து, வெளிச்சமான ஜன்னலை நோக்கி ஒரு முறையும் இருண்ட மூலையை நோக்கி ஒரு முறையும் அழுத்துங்கள். முதலாவது கண் சிமிட்டும் நேரத்தில் முடிய வேண்டும், இரண்டாவது ‘க்ளிக்... க்ளிக்’ என்று இழுக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோல இருந்தால் ஒளிமானி செத்துவிட்டது. ஃபிளாஷ் மறுபடி தயாராக பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் எடுத்தால் கெப்பாசிட்டர் தளர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பாஞ்சு மாற்றுவது கடினமில்லை. பழையதை ஆல்கஹால் நனைத்துப் பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுங்கள். அதற்கு முன் லென்ஸின் பின்கண்ணாடியைக் காகிதத்தால் மூடிவிடுங்கள்; பொடி உள்ளே போனால் ஒவ்வொரு படத்திலும் இருக்கும். கீல் பக்கத்துக்கு 2 மி.மீ. கறுப்பு ஸ்பாஞ்சு, மேலும் கீழும் உள்ள ஒடுங்கிய பள்ளங்களுக்குக் கறுப்புக் கம்பளி நூல் போதும்.

பிறகு ஒரு சோதனை ரோல். 24 படச் சுருள் போதும். ஒரு மீட்டரில் ஒன்று, மூன்று மீட்டரில் ஒன்று, தொலைவில் ஒன்று, முதுகுவெளிச்சத்தில் ஒன்று, ஃபிளாஷ் போட்டு இரண்டு, ஃபிளாஷை அணைத்து இருட்டில் இரண்டு. மீதியை வெயிலில் எடுத்து, நடுவே ஒருமுறை கேமராவை அரை மணி நேரம் வெயிலில் வைத்துவிட்டுத் தொடருங்கள். ஒளி கசிந்தால் அப்போது பிடிபடும்.

கழுவி வந்ததும் ஸ்கேனைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள், ஸ்கேனர் வெளிச்சப் பிழைகளைத் தானே சரிசெய்து மறைத்துவிடும். நெகட்டிவை ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஸ்கேனில் செம்மஞ்சள் பட்டையாகத் தெரிவது பின்கதவுக் கசிவு: ஒளி ஃபிலிமின் முதுகுப்பக்கமாக நுழையும்போது முதலில் படுவது சிவப்பை உணரும் அடுக்கில்தான், அதனால்தான் அந்த நிறம். படங்களுக்கு இடையே உள்ள இடைவெளி ஒன்றுக்கொன்று மாறினாலோ ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலோ மோட்டாரோ பற்சக்கரமோ வழுக்குகிறது. நெடுக ஓடும் கோடு, அழுத்தத் தகட்டிலோ ஃபிலிம் பெட்டியின் வாயிலோ உள்ள மணல். எல்லாப் படங்களும் ஒரே அளவில் வெளிறியிருந்தால் ஐஎஸ்ஓவைத் தவறாகப் படித்திருக்கிறது. கேமராவைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஃபிலிம் அறையில் உள்ள அந்தச் சிறு ஊசிகளை ஆல்கஹாலால் துடைத்துவிட்டு இன்னொரு ரோல் போட்டுப் பாருங்கள்.